குறட்டையை அறுத்தவர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடவுள் தூங்குகிறார், இன்னொரு கடவுள் வைத்தியம் பார்க்கிறார். தூங்குபவர் வடபத்ரசாயி, ஆலிலையில் பள்ளி கொண்டவர். வைத்தியர், ஊரின் இன்னொரு பக்கம் மடவார் வளாகத்தில் இருக்கும் வைத்தியநாதர். பிரசவ வலியில் தவித்த பெண்ணுக்கு அவளுடைய தாயாகவே வந்து பேறுகாலம் பார்த்தவர் என்று தலபுராணம் சொல்லும். ராஜபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் உடம்பு சரியில்லாதவர்கள் இன்றைக்கும் இங்கே வந்து வேண்டிக்கொண்டு போகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் பெரிய ஆள் திருமலை நாயக்கர். தீராத நோயோடு வந்து வைத்தியநாதரைக் கும்பிட்டார், நோய் போய்விட்டது என்பது ஊர்க்கதை. மதுரைக்காரர்களிடம் வேறொரு கதை இருக்கிறது. நாயக்கருக்கு நாள்பட்ட மண்டைச்சளி, எந்த வைத்தியருக்கும் அடங்கவில்லை. திருச்சியிலிருந்து வரும் வழியில் திண்டுக்கல்லில் தங்கியபோது மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் வந்து, தலைநகரை மதுரைக்கு மாற்றினால் நோய் தீரும் என்றார்கள். விடிந்து பல் விளக்கும்போது சளி கழன்று வெளியே வந்துவிட்டது. நாயக்கர் கால வரலாற்றுச் சுவடிகளை வைத்து எழுதியவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. 1634 வாக்கில் தலைநகர் இடம் மாறியதற்குக் காரணம் ஒரு மனிதனின் மூக்கும் தொண்டையும் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நாயக்கர் குறட்டை விட்டாரா என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அவருக்கு ஸ்லீப் ஆப்னியா இருந்தது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிப்பதெல்லாம் வாட்ஸப் வேலை. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு: மூச்சுப்பாதையில் அடைப்பு இருந்தால் மனிதன் எதற்கும் தயாராகிவிடுகிறான். நாயக்கர் தலைநகரையே மாற்றினார். இருபதாம் நூற்றாண்டில் தூங்க முடியாதவர்கள் கழுத்தில் ஓட்டை போட்டுக்கொண்டார்கள், தாடையை அறுத்து முன்னால் நகர்த்திக்கொண்டார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

நம் ஊரில் குறட்டை என்றால் கேலிதான். அந்தக் கேலிக்கு வயது ஆயிரத்துக்கும் மேல். திருப்பாவையின் பத்தாவது பாசுரத்தில் எழுந்திருக்காத தோழியைச் சீண்டுவதற்கு ஆண்டாள் கும்பகர்ணனை இழுக்கிறாள். தோற்றுப்போனவன் தன் தூக்கத்தை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனானா என்கிற மாதிரி ஒரு கேள்வி. மார்கழியில் அதைப் பாடுகிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் பாடுவார்கள். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் குறட்டை நடுவில் சட்டென்று நின்று, பத்து இருபது விநாடி சத்தமே இல்லாமல் போய், பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குபவன் மாதிரி ஒரு இழுப்பு இழுக்கிறார்களே, அதைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது. பக்கத்தில் படுத்திருப்பவர்கள்தான் அதைப் பார்ப்பார்கள். தூங்குகிறவருக்குத் தெரியாது.

நடப்பது இதுதான். தொண்டைக்குள், உள்நாக்கிலிருந்து குரல்வளை வரைக்கும் உள்ள பாதையைத் தாங்கிப் பிடிக்க எலும்பு கிடையாது. தசைதான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. தூங்கும்போது தசை தளரும். பாதை ஏற்கெனவே குறுகலாக இருந்தால் - சதை, கொழுப்பு, பின்தள்ளிய தாடை, பெரிய நாக்கு, ஏதோ ஒன்று - அது ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு மூச்சுக்கு முயல்கிறது, காற்று போகவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை அரைகுறையாக விழித்து தசையை இறுக்குகிறது, பாதை திறக்கிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மோசமான கேஸில் இது மணிக்கு ஐம்பது அறுபது முறை நடக்கும். விடிந்தால் அசதி, பகலில் தூக்கம், ரத்த அழுத்தம், இதயத்துக்குச் சுமை. ஓட்டுநராக இருந்தால் ரோட்டில் போகிற மற்றவர்களுக்கும் ஆபத்து.

தொண்டையில் கத்தி வைப்பது புதிய வேலை இல்லை. வளர்ந்து வீங்கிய உள்நாக்கை வெட்டுவது பற்றி சுசுருத சம்ஹிதை சொல்கிறது. பிடித்து இழுத்து மூன்றில் ஒரு பங்கைத்தான் வெட்ட வேண்டும். அதிகம் வெட்டினால் ரத்தம் நிற்காமல் ஆள் போய்விடலாம். குறைவாக வெட்டினால் வீக்கம், எச்சில் வடிதல், தூக்கம், தலைசுற்றல், கண் இருட்டல். அந்தப் பட்டியலில் 'தூக்கம்' இருப்பதைப் பார்த்து, பார்த்தீர்களா நம் முன்னோர் என்று ஆரம்பிக்க வேண்டாம். அது எந்தத் தூக்கம் என்று நமக்குத் தெரியாது. ஆனால் எவ்வளவு வெட்டுவது என்ற அந்தப் பழைய கவலை 1981க்குப் பிறகும் அப்படியே திரும்பி வந்தது.

நவீனக் கதை ஒரு நாவலிலிருந்து தொடங்குகிறது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 37இல் தொடராக எழுதிய பிக்விக் பேப்பர்ஸில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருவான். நின்றபடியே தூங்குவான், குறட்டை விடுவான். 1956இல் பர்வெல் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது அவனுடைய நாவல் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள்: பிக்விக்கியன் சிண்ட்ரோம். அந்த நோயாளி ஒரு கம்பெனி அதிகாரி, பருமனானவர். போக்கர் ஆட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் விழுந்த நேரத்தில் தூங்கிப்போனார். அப்படி ஒரு சீட்டு வந்தும் தூங்கினால் உடம்பில் ஏதோ கோளாறு என்று அவருக்கே தோன்றி மருத்துவமனைக்கு வந்தார். எடையைக் குறைத்ததும் தேறினார்.

ஆனால் பர்வெல் குழு ஒரு விஷயத்தைத் தவறவிட்டது. ரத்தத்தில் கரியமில வாயு சேர்வதால்தான் தூக்கம் என்று நினைத்தார்கள். ராத்திரி முழுக்க அந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஐரோப்பியர்கள். 1965இல் மார்செய்யில் காஸ்தோவின் குழுவும், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் யுங், கூலோ இருவரும் தனித்தனியாகத் தூக்கத்தைப் பதிவு செய்து, மூச்சு திரும்பத் திரும்ப நிற்பதைக் கண்டார்கள். இருவரில் கூலோதான் அடுத்த கேள்வியைக் கேட்டவர். அடைப்பு தொண்டையில்தானே? தொண்டைக்குக் கீழே ஒரு வழி திறந்துவிட்டால்?

1969இல் கூலோவும் சகாக்களும் அந்த முடிவை வெளியிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைத்து நிரந்தரமாக ஒரு குழாய் பொருத்தினார்கள். டிரக்கியாஸ்டமி. பகலில் மூடி போட்டு அடைத்துக்கொண்டு பேசலாம், ராத்திரி மூடியைத் திறந்துவிட்டுத் தூங்கலாம். நோயாளி தூங்கினார். பகல் தூக்கம் போனது. ஒரே வெட்டில் தீர்ந்தது. ஸ்லீப் ஆப்னியாவுக்குக் கிடைத்த முதல் நம்பகமான சிகிச்சை இதுதான் என்பதை இன்றைக்கு நினைத்தால் கொஞ்சம் கழுத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றுகிறது. பொலோன்யாவில் லுகரேசி, ஸ்டான்ஃபோர்டில் கில்மினோ எல்லோரும் இதையே செய்தார்கள். நோய்க்கு இப்போதுள்ள பெயர் 1970களில் கில்மினோவின் குழு வழியாக நிலைத்தது. எழுபதுகள் முழுக்க மோசமான நிலையில் வந்தவர்களுக்கு மருத்துவர் கொடுத்த தேர்வு: உடம்பை இளைக்க வை, இல்லையென்றால் கழுத்தில் துளை.

வேலை செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அடைப்பையே சுற்றிக்கொண்டு போவதால் தோற்க வழியில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கக் குழாயைக் கழுவ வேண்டும், சளி அடைக்கும், புண்ணாகும், குளத்தில் இறங்கிக் குளிக்க முடியாது. சட்டைக் காலருக்குள் அதை மறைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். பலர் வேண்டாம் என்று எழுந்து போனார்கள்.

வேறு வழி தேடியவர்களில் ஒருவர் ஜப்பானிய இகெமாட்சு. ஐம்பதுகளிலேயே குறட்டைக்காகத் தொண்டைச் சதையைக் குறைக்கத் தொடங்கி, 1964இல் எழுதினார். அவர் கவலை சத்தம், அவ்வளவுதான். அதை எடுத்து ஆப்னியாவுக்குப் பொருத்தியவர் டெட்ராய்ட் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இருந்த ஷிரோ ஃபுஜிதா. உள்நாக்கு, மென்அண்ணத்தின் ஓரம், டான்சில், பக்கச்சுவரில் தொங்கும் சதை எல்லாவற்றையும் வெட்டித் தைத்து, தொண்டை வாசலை அகலப்படுத்துவது. பெயர் வாய்க்குள் நுழையாது: யுவுலோபாலட்டோஃபாரிஞ்சோபிளாஸ்டி. சுருக்கமாக யூ-த்ரீ-பி. ஃபுஜிதாவின் கட்டுரை வந்த வருடம் 1981.

அதே 1981 ஏப்ரலில் லான்செட்டில் இன்னொரு கட்டுரை. சிட்னியின் காலின் சல்லிவன் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். கதை அதற்கு முந்தைய வருடம் தொடங்கியது. ஒரு கட்டிடத் தொழிலாளி, கடுமையான ஆப்னியா. டிரக்கியாஸ்டமி செய்யலாம் என்றார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேண்டுமென்றால் வேறு எதையாவது முயன்று பாருங்கள் என்றார். சல்லிவன் அதற்கு முன் நாய்களின் தூக்கத்தை ஆராய்ந்தவர், நாய் மூக்குக்கு முகமூடி செய்து பழகியவர். மனித மூக்குக்கு ஒன்று செய்து, காற்றை அழுத்தத்தோடு உள்ளே அனுப்பினார். தொண்டை மூடாமல் காற்றே அதைத் தாங்கிப் பிடித்தது. அந்தத் தொழிலாளி அன்று ராத்திரி தூங்கிய தூக்கத்தை அவர் பல வருடமாகத் தூங்கியிருக்க மாட்டார். ஆரம்பத்தில் வீட்டுக்குக் கொடுத்த மிஷின்களில் வாக்குவம் கிளீனர் மோட்டார் இருந்தது. முகமூடியை ஒவ்வொரு ராத்திரியும் மூக்கில் பசை போட்டு ஒட்ட வேண்டும். இன்று சிபாப் என்று எல்லா ஊரிலும் சொல்லும் கருவி, கத்திக்குத் தப்ப நினைத்த ஒரு ஆளால் பிறந்தது.

ஆக ஒரே வருடத்தில் இரண்டு பாதைகள் திறந்தன. ஒன்று, ஒரு தடவை வலி, பிறகு சுதந்திரம் என்று சொன்னது. மற்றது, வலி இல்லை, ஆனால் சாகும்வரை ராத்திரி முகத்தில் மாட்டிக்கொள் என்றது. மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எண்பதுகளில் யூ-த்ரீ-பி அமெரிக்காவில் அலை மாதிரி பரவியது. பாரிஸில் கமாமி லேசரால் உள்நாக்கைச் சுட்டுக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்தே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். குறட்டை போயே போச்சு என்று விளம்பரம்.

குறட்டை போனது உண்மைதான். சிக்கலும் அங்கேதான். அதிர்கிற சதையை வெட்டிவிட்டால் சத்தம் குறையும். ஆனால் அடைப்பு நாக்கின் அடிப்பகுதியிலும் இருந்தால், மூச்சு அப்படியே நின்றுகொண்டிருக்கும், சத்தமில்லாமல். மனைவி நிம்மதியாகத் தூங்குவார், அவரும் கவனிக்க மாட்டார். இருந்த ஒரே எச்சரிக்கை மணியையும் கழற்றியாகிவிட்டது.

இதை முதலில் எண்ணிக்கையாகச் சொன்னது ஃபுஜிதாவின் சொந்த மருத்துவமனை. 1988இல் ஹென்றி ஃபோர்டு குழு 385 ஆண் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. டிரக்கியாஸ்டமி செய்தவர்களில், சிபாப் போட்டவர்களில் யாரும் இறக்கவில்லை. யூ-த்ரீ-பி செய்தவர்களின் ஆயுள், சிகிச்சையே எடுக்காதவர்களின் ஆயுளிலிருந்து வேறுபடவில்லை. அந்தக் கட்டுரையில் பெயர் போட்டிருந்தவர்களில் சிலர், 1981 கட்டுரையில் ஃபுஜிதாவோடு பெயர் போட்டிருந்தவர்கள். தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே திருப்பிப் பார்த்து, கணக்கு உதைக்கிறது என்று எழுதினார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்கு மரியாதை வருகிற இடங்களில் இது ஒன்று.

1996இல் ஷெர் என்பவரின் குழு, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. யூ-த்ரீ-பி வெற்றி விகிதம் சுமார் 41 சதவீதம். இதில் 'வெற்றி' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மூச்சு நிற்கும் எண்ணிக்கை பாதியாகக் குறைந்து, மணிக்கு இருபதுக்குக் கீழே வந்துவிட்டால் பாஸ். ஐந்துக்கு மேல் இருந்தாலே நோய் என்று சொல்லும் அதே துறையில், பத்தொன்பது இருந்தால் பாஸ்! இப்படி ஒரு பாஸ் மார்க் நமக்குப் பிளஸ் டூ கணக்கில் கிடைத்திருக்கலாம்.

இதற்கு நடுவில் ஸ்டான்ஃபோர்டில் ரைலி, பவல் என்ற இருவர் வேறு கோணத்தில் யோசித்தார்கள். சதையை வெட்டுவதை விட, சதை தொங்கும் எலும்பை நகர்த்தினால்? மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் அறுத்து ஒரு சென்டிமீட்டர் அளவில் முன்னே கொண்டுவந்து பிளேட் போட்டு இறுக்குவது. நாக்கும் அண்ணமும் கூடவே முன்னால் வரும், பின்னால் இடம் உண்டாகும். 627 பேர் கணக்கை 2010இல் தொகுத்தபோது 86 சதவீதம் பேருக்கு மேலே சொன்ன கணக்கில் வெற்றி, 43 சதவீதம் பேருக்கு முழுக் குணம். பெரிய ஆபரேஷன், முக அமைப்பு மாறும், உதட்டிலும் மோவாயிலும் மரமரப்பு தங்கலாம். ஆனாலும் டிரக்கியாஸ்டமிக்கு அடுத்தபடி நம்பகமான கத்தி இதுதான்.

முகத்தின் நீளத்துக்கும் மூச்சுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சிரமம் இருக்காது. நீண்ட மூக்கும் ஒட்டிய வயிறுமாக நிற்கும் நம் ஊர் வெள்ளை நாய்க்குப் பக்கத்தில், முகம் நசுங்கிய இங்கிலீஷ் புல்டாக் ஒன்றை நிறுத்திப் பாருங்கள். பென்சில்வேனியாவில் 1987இல் ஆப்னியா ஆராய்ச்சிக்கு இயற்கையாகவே நோயுள்ள விலங்கு என்று தேர்ந்தெடுத்தது புல்டாகைத்தான்.

அறுவை மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. யாருக்கு எங்கே அடைக்கிறது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே வெட்டு வெட்டியதுதான் பிழை என்று புரிந்துகொண்டார்கள். 1991இல் லண்டனில் க்ராஃப்ட், பிரிங்கிள் இருவரும் மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, மூக்கு வழியாக கேமரா விட்டு, தொண்டை எந்த இடத்தில் மூடுகிறது என்று நேரில் பார்த்தார்கள். இன்று ஆபரேஷன் பேச்சு எடுக்கும் நல்ல மருத்துவர் இந்தப் பரிசோதனையைச் சொல்லாமல் இருக்க மாட்டார். 2014இல் இன்னொரு வழி: நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் மாதிரி ஒரு கருவி. மூச்சு இழுக்கும்போதெல்லாம் நாக்கின் நரம்பைத் தூண்டி நாக்கை முன்னே தள்ளும். 126 பேரில் சோதித்தபோது மணிக்கு 29 என்றிருந்த நடு எண் ஒரு வருடத்தில் 9க்கு வந்தது. விலை மட்டும் நம் பக்கத்துக்கு வருகிற விலை இல்லை.

பழைய யூ-த்ரீ-பிக்கும் மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. 2020இல் ஆஸ்திரேலியாவில், அதாவது சிபாப் பிறந்த நாட்டிலேயே, சிபாப் ஒத்துவராத 102 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அண்ணத்தைத் திருத்தி அமைத்து, நாக்கடியைச் சுருக்கும் ஆபரேஷன், மறுபாதிக்கு வழக்கமான மருத்துவம். ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மணிக்கு 48இலிருந்து 21க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 45இலிருந்து 35. பூஜ்யம் ஆகவில்லை. ஆனால் மாஸ்க் போடாமல் அலமாரியில் வைத்திருப்பவனுக்கு மாஸ்கின் பலன் பூஜ்யம்தானே, அதோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம்.

அலமாரி என்றதும் என் சித்தப்பா ஞாபகம். மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தவர். மதுரையில் ஸ்லீப் ஸ்டடி செய்து, கடன் வாங்கி மிஷின் வாங்கினார். பத்து நாள் போட்டார். வாய் வறண்டு போகிறது, கரண்ட் போனால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது, பேரன் யானை யானை என்று சிரிக்கிறான். மிஷின் பரணுக்குப் போய்விட்டது. "ஆபரேசன் பண்ணிட்டா இந்த மூஞ்சிக்கட்டு வேணாம்லடா? ஒருநாள் வலிதானே, தாங்கிக்கிடலாம்" என்று என்னிடம் கேட்டார். இந்த வரலாற்றைத் தோண்டியதே அந்தக் கேள்விக்காகத்தான்.

அவருக்கு நான் சொன்னது சுருக்கமாக இதுதான். முதலில் மாஸ்கை மாற்றிப் பாருங்க சித்தப்பா, மூக்குக்கு மட்டும் போடுறது தனியா இருக்கு, அழுத்தத்தை டாக்டரிடம் சொல்லிக் குறைக்கலாம், ஈரப்பதம் சேர்க்கிற பெட்டி இருக்கு, சின்ன பேட்டரி போட்டுக்கிடலாம். மூக்குத் தண்டு வளைந்திருந்தால் அதைச் சரிசெய்கிற ஆபரேஷன் ஆப்னியாவை நிறுத்தாது, ஆனால் மாஸ்க் போடுவதை லேசாக்கும். இதெல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் ஆபரேஷனைப் பேசலாம். 2021இல் அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கமே, சிபாப் ஒத்துவராதவர்களிடம் அறுவை மருத்துவரைப் பார்ப்பது பற்றிக் கட்டாயம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டது. மிகப் பருமனானவர்களிடம் எடை குறைக்கும் ஆபரேஷனையும் பேசச் சொல்கிறது. ஆனால் கத்தி வைப்பவரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எனக்கு எங்கே அடைக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? செய்த பிறகு மணிக்கு எத்தனைக்கு வரும்? ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு "எதுக்கு, குறட்டைதான் நின்னுருமே" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள் என்றேன்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கதை தலைகீழ். அங்கே கத்திதான் முதல் மருந்து. 1889இலேயே வில்லியம் ஹில் என்ற ஆங்கிலேய மருத்துவர், வாயால் மூச்சு விடுகிற பிள்ளைகள் படிப்பில் மந்தமாக இருப்பதற்குக் காரணம் மூக்கடிச் சதையும் டான்சிலும் என்று எழுதினார். வாயைத் திறந்தபடி தூங்கி, குறட்டை விட்டு, கிளாஸில் தூங்கி விழுந்து அடி வாங்கின பையன்கள் எல்லா ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. 2013இல் 464 அமெரிக்கக் குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பதிவு சீராகிவிட்டது. காத்திருக்க வைத்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு அதுவாகவே சீரானது. கவனத் திறன் தேர்வில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடத்தையும் தூக்கமும் வாழ்க்கைத் தரமும் ஆபரேஷன் செய்தவர்களிடம் மேம்பட்டன.

இந்தியாவில் இதைக் கணக்கெடுக்கத் தொடங்கியதே தாமதமாகத்தான். 2004இல் மும்பையில் உத்வாடியாவின் குழு, 35 முதல் 65 வயது வரையுள்ள நகர ஆண்களில் 7.5 சதவீதம் பேருக்கு அறிகுறிகளோடு கூடிய ஆப்னியா இருப்பதாகச் சொன்னது. பதின்மூன்றில் ஒருவர். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. 2022 பிப்ரவரியில் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவமனை சொன்ன காரணத்தில் அந்தச் சொல் இருந்ததால், டிவி பார்க்கிற வீடுகளுக்குள் முதல் தடவை அது நுழைந்தது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிகள் ராப்பகலாக பேண்டேஜ் துணி நெய்கின்றன. நாட்டின் ஆபரேஷன் தியேட்டர்களுக்குப் போகும் துணி. அதை நெய்கிற ஊரில் ராத்திரி மூச்சு எத்தனை தடவை நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவர் பெரிய ஊருக்குத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே விரலில் மாட்டிப் பதிவு செய்யும் சின்னக் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. சித்தப்பா மதுரைக்கு மறுபடி போய் மூக்கு மாஸ்க் வாங்கி வந்திருக்கிறார். ராத்திரி நாலு மணி நேரம் போடுகிறார், மீதி நேரம் கழற்றிவிடுகிறார். ஆபரேஷனுக்கு முன்னால் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனைக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சித்தி போன வாரம் மடவார் வளாகத்துக்குப் போய் வைத்தியநாதருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்துவிட்டு வந்தார்.